கதிர் என்னும் சொல்: அறிவியல் ஆசிரியர் பயிற்சியும் தமிழும்

ஆசிரியருக்கு இலக்கணம் வகுத்த மொழி தமிழ். பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுகிறது. ஆசிரியர் ஆகத் தகாதாரையும் அது விட்டுவைக்கவில்லை. இட்ட காய்கள் இட்ட முறையில் வெளிவராத கழற்பெய்குடம், ஏற இடங்கொடாது தானாக விழுந்தால் மட்டும் பயன்தரும் மடற்பனை, அடைக்கும்போதும் எடுக்கும்போதும் துளித்துளியாகவே இடங்கொடுக்கும் பருத்திக் குண்டிகை, நீர் வார்த்தவனை விட்டு அயலான் கொல்லையில் காய் உதிர்க்கும் முடத்தெங்கு என நால்வகையாக அவரைப் பகுக்கிறது. இவ்வுவமைகளைத் தமிழாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொல்லி வந்திருக்கின்றனர். ஆயினும் அடுத்த அறையில் இயற்பியலும் கணிதமும் நடத்தும் ஆசிரியர் எங்கே, எவ்வாறு, எந்த மொழியில் பயிற்சி பெற்றார் என்பதைத் தமிழ் இலக்கிய வரலாறு தன் பொருளாகக் கொண்டதில்லை. உரைநடையின் வரலாற்றில் அறிவியல் தமிழுக்கு ஓர் இயல் ஒதுக்கப்படும். அதில் மொழிபெயர்ப்பாளரும் கலைச்சொல் ஆக்கியோரும் இடம்பெறுவர். அச்சொற்களை நாள்தோறும் நாற்பது ஐம்பது பிள்ளைகள் முன் வாயால் சொல்லி உயிர்கொடுத்த பள்ளியாசிரியர் அவ்வியலில் காணப்படுவதில்லை.

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இக்குறையை நினைப்பதற்குப் பொருத்தமான ஊர்கள். ஒன்று நூற்பாலைகளின் ஊர். மற்றொன்று பாசுரத்தின் ஊர். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தொலைவுதான். முன்பு திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்து, 1910-இல் இராமநாதபுர மாவட்டத்துக்கு மாறி, 1985-இல் தனி மாவட்டமாகப் பிரிந்த, இன்று விருதுநகர் மாவட்டம் எனப்படும் நிலப்பகுதியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இரண்டும் அமைந்துள்ளன. இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பிக்க வந்த ஆசிரியர் எதைக் கொண்டுவந்தார், எது அவர் கையில் கொடுக்கப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சைதாப்பேட்டை வழி

சென்னை மாகாணத்தில் ஆசிரியப் பயிற்சி முறையாகத் தொடங்கியது 1856-இல். அவ்வாண்டு சென்னையில் அரசின் நார்மல் பள்ளி நிறுவப்பெற்றது. அதுவே பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. தென்கோடி மாவட்டங்களில் பட்டம் பெற்று உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக விரும்பியோர்க்கு நெடுங்காலம் 'சைதாப்பேட்டைக்குப் போய் எல்.டி. முடித்து வருதல்' என்பதே வழியாக இருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னரே மதுரையிலும் பாளையங்கோட்டையிலும் தோன்றிய ஆசிரியர் கல்லூரிகள் அப்பயணத்தைக் குறைத்தன.

அக்கல்லூரிகளில் உளவியலும் கல்வி வரலாறும் பாடக்குறிப்பு எழுதும் முறையும் கற்பிக்கப்பட்டன. பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. உயர்நிலைப் பள்ளியின் மேல் வகுப்புகளிலும் அக்காலத்தில் பயிற்றுமொழி ஆங்கிலமே. ஆகவே முரண்பாடு தோன்றவில்லை. ஆங்கிலத்தில் கற்றவர் ஆங்கிலத்தில் பயிற்சி பெற்று ஆங்கிலத்திலேயே கற்பித்தார். புரிந்தவர் தேறினர், புரியாதவர் வயலுக்கும் தறிக்கும் திரும்பினர்.

முரண்பாடு 1938-ஐ ஒட்டித் தோன்றியது. இராஜாஜி தலைமையிலான அமைச்சரவைக் காலத்தில் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி பயிற்றுமொழியாகத் தொடங்கியது. கொள்கை அளவில் அது பெரியதொரு வெற்றி. ஆனால் அதை நடைமுறைப்படுத்த வேண்டிய ஆசிரியரின் நிலையோ விந்தையானது. ஆங்கிலத்தில் பட்டமும் பயிற்சியும் பெற்ற அவர், மறுநாள் காலை வகுப்பில் நுழைந்து ஆர்க்கிமிடீசின் தத்துவத்தைத் தமிழில் விளக்க வேண்டும். எப்படி விளக்குவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க எவரும் இல்லை. சொற்பட்டியல் ஒன்று வந்து சேர்ந்தது; அவ்வளவே.

அப்பட்டியல்களின் கதை தமிழறிஞர் அறிந்ததே. 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கண்டனர். வடமொழிச் சார்பான அரசுப் பட்டியல்களுக்கு எதிராகச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் பாடுபட்டு 1938-இல் 'கலைச்சொற்கள்' நூலை வெளியிட்டனர். 1940-இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழுவைச் சூழ்ந்து எழுந்த பூசல் மொழிப்போராட்ட வரலாற்றின் ஒரு பகுதியாயிற்று. இப்பூசல்களில் எந்தச் சொல் வெல்ல வேண்டும் என்பது பேசப்பட்டது. வென்ற சொல்லை வகுப்பில் வழங்க ஆசிரியருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்பது இரு தரப்பாராலும் பேசப்படவில்லை. பிராணவாயு உயிர்வளியாகிப் பின்னர் ஆக்சிஜனாயிற்று, பௌதிகம் இயற்பியலாயிற்று, இரசாயனம் வேதியியலாயிற்று. பணியில் சேர்ந்த காலத்தில் பௌதிக ஆசிரியராக இருந்தவர் ஓய்வுபெறும்போது இயற்பியல் ஆசிரியராக விடைபெற்றார். இடையில் நிகழ்ந்த மாற்றத்தை அவர் பாடநூலின் புதிய பதிப்பைப் பார்த்தே தெரிந்துகொண்டார் எனின் அது மிகையாகாது.

இதற்கு மாறான முன்மாதிரி ஒன்று கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் இருந்தது. 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். 1860-களில் தமிழுக்கு மாறினார். அவர் சொற்களை ஆக்கியதும் நூல்களை மொழிபெயர்த்ததும் மாணவர்க்குக் கற்பித்ததும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில், ஒரே குழுவினரால் நிகழ்ந்தன. ஒரு சொல் நோயாளியின் படுக்கையருகே நிற்குமா என்பது உடனே தெரிந்துவிடும். தமிழகத்திலோ சொல்லாக்குவோர் ஓரிடம், நூல் எழுதுவோர் ஓரிடம், ஆசிரியரைப் பயிற்றுவோர் ஓரிடம் எனப் பிரிந்தனர். அப்பிரிவு இன்றளவும் நீங்கவில்லை.

கோடை வகுப்புகள்

1957-இல் சோவியத் ஒன்றியம் விண்ணில் செலுத்திய ஸ்புட்னிக், உலகின் அறிவியல் ஆசிரியர் அனைவரையும் மாணவராக்கியது. அமெரிக்கா தன் பள்ளிப் பாடங்களைத் திருத்தி எழுதியது. அப்பாடங்களுடன் வந்த பயிற்சி முறை 1963-இல் இந்தியாவிலும் கோடை நிறுவனங்கள் என்ற பெயரில் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழுவும் அமெரிக்க உதவி நிறுவனமும் இணைந்து நடத்திய அவ்வகுப்புகளில், பள்ளி ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் பல வாரம் தங்கிக் கல்லூரிப் பேராசிரியர்களிடம் பயின்றனர். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழு, அறிவியலும் கணிதமும் பத்தாம் வகுப்பு வரை அனைவர்க்கும் கட்டாயப் பாடம் ஆகவேண்டும் என்று பரிந்துரைத்ததும் இக்காலத்தில்தான்.

கோடை வகுப்புகளின் நன்மையை மறுத்தல் நன்றியின்மை. தாமே செய்து பார்த்திராத சோதனைகளை முதன்முறையாகத் தம் கையால் செய்த ஆசிரியர் பலர். ஆனால் ஊர் திரும்பியதும் அவர்முன் நின்றது பூட்டிய அலமாரி. உடைந்த கண்ணாடிக் குழாய்க்கு இருப்புப் பதிவேட்டில் கணக்குச் சொல்ல வேண்டும், தணிக்கையாளர் கேட்பார். உடையாமல் காப்பதற்கு எளிய வழி வெளியே எடுக்காமலிருப்பது. அறிவியல் ஆய்வகங்கள் பல ஊர்களில் அருங்காட்சியகமாக நின்றமைக்கு ஆசிரியரின் சோம்பலைக் காரணம் காட்டுவோர் இப்பதிவேட்டைப் பார்த்தவர் அல்லர்.

இக்காலத்தில் பள்ளியாசிரியர் ஒருவரே ஆசிரியரைப் பயிற்றுவிக்க எழுந்தது சிறப்பாகக் கருதத்தக்கது. சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் (1924–2005) அவர். 1965-இல் தோன்றிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தின் மூலவர்களுள் ஒருவரான இவர், காகித மடிப்பாலும் விளையாட்டாலும் கணிதக் கண்காட்சிகளாலும் கணிதம் கற்பிக்கலாம் என்பதைச் சக ஆசிரியர்களுக்குச் செய்து காட்டினார். இராமானுஜனைப் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் தொகுத்து 1968-இல் வெளியிட்டவரும், 1993-இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகம் அமையக் காரணமாக இருந்தவரும் இவரே. ஆசிரியரைப் பயிற்றுவிக்கப் பேராசிரியர்தான் வரவேண்டும் என்ற எண்ணத்தை அவர் வாழ்க்கை மறுத்தது. கல்லூரியில் கணிதம் அறிந்தவர் பலர் இருக்கலாம். ஏழாம் வகுப்பில் பின்னத்தில் தடுக்கி விழும் பிள்ளை எந்த இடத்தில் தடுக்குகிறது என்பதை அறிந்தவர் அப்பிள்ளையின் ஆசிரியரே.

மேற்குமலை அடிவாரத்துக்கே உரிய சான்றும் உண்டு. எண் கோட்பாட்டில் வாரிங் கணக்கின் பெரும்பகுதியைத் தீர்த்த எஸ்.எஸ். பிள்ளை, 1901-இல் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தவர். செங்கோட்டையில் பயின்ற காலத்தில் வறுமையால் படிப்பு நின்றுவிடாமல் காத்தவர் அவருடைய பள்ளி ஆசிரியர் என்பது வரலாறு. 1950 ஆகஸ்டில் அமெரிக்கா செல்லும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் பிள்ளை மறைந்தார். உலகம் பிள்ளையை அறியும். அவரைக் கண்டறிந்த பள்ளி ஆசிரியரை அறிந்தவர் சிலரே.

ஆலையின் சொல்லும் பாடநூலின் சொல்லும்

இராஜபாளையத்தின் தொழில் முகத்தை வரைந்தவர் பி.ஏ.சி. இராமசாமி ராஜா. 1936-இல் அவர் தொடங்கிய இராஜபாளையம் மில்லைத் தொடர்ந்து ஊரைச் சுற்றி ஆலைகள் எழுந்தன. சத்திரப்பட்டி மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யும் ஊராயிற்று. அவர் பெயரால் தொழில்நுட்பப் பயிலகமும், 1973-இல் இராஜுக்கள் கல்லூரியும் தோன்றின. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி எழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரின் பென்னிங்டன் நூலகமோ 1875 முதல் நிற்கிறது. பள்ளிப்பிள்ளைகள் படித்து மேலே செல்வதற்குப் படிகள் இருந்தன எனலாம். படியின் முதற்கல் பள்ளி வகுப்பறை, அங்கேதான் இடறல்.

'கதிர்' என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். உழவர் வீட்டுப் பிள்ளைக்குக் கதிர் என்றால் நெற்கதிர். இலக்கியம் பயின்றோர்க்கு அது ஞாயிற்றின் ஒளி. நூற்பாலையில் வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைக்கோ கதிர் என்பது சுழன்று நூலை முறுக்கும் இரும்புத் தண்டு. ஓர் ஆலையின் அளவை அதன் கதிர்களின் எண்ணிக்கையால் சொல்வது அவ்வூர் வழக்கு. பத்தாம் வகுப்பு இயற்பியல் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கோடு வரைந்து அம்புக்குறி இட்டு, 'இது ஒளிக்கதிர்' என்கிறார். அவருக்கு அச்சொல் ஓர் ஆங்கிலச் சொல்லின் நேர். வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் மனத்தில் எழுவது அசையாத கோடு அன்று. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழல்கின்ற தண்டு. இப்பிள்ளை 'கதிர் சுழலுமா சார்?' என்று கேட்டால், அது அறியாமையின் கேள்வியா, அறிவின் கேள்வியா? பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியர் இக்கேள்விக்கு விடை கூறப் பழக்கப்பட்டிருக்கிறாரா?

இல்லை. பயிற்சியில் அவருக்குக் கற்பித்தல் முறைகள் சொல்லித் தரப்பட்டன. 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உருவாகி வந்த நுண்ணிலைக் கற்பித்தல் முறையில், வினாக்கேட்டல், வலுவூட்டல், கரும்பலகை பயன்படுத்துதல் எனத் திறன் திறனாக அவர் பழக்கப்பட்டார். ஐந்து நிமிடம் நடத்திக் காட்டி மதிப்பெண் பெற்றார். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள உறவு, ஒரு சொல் ஒரு துறையிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது என்ன ஆகிறது, எதைக் கொண்டுசெல்கிறது, எதை விட்டுச்செல்கிறது என்பவை அப்பாடத்திட்டத்தில் இல்லை. அவை தமிழ்த்துறையின் பொருளாகக் கருதப்பட்டன. தமிழ்த்துறையோ அவற்றை ஆகுபெயர் என்றும் உவமையாகுபெயர் என்றும் பெயரிட்டுத் தேர்வில் வினாவாக்கி முடித்துக்கொண்டது. கவிஞர் ஒருவருக்கு 'கதிர்' தரும் மூன்று பொருளும் செல்வம். அறிவியல் ஆசிரியருக்கு அதே மூன்று பொருளும் இடர். கையாளத் தெரிந்தால் அவருக்கும் செல்வம். நெற்கதிர், ஒளிக்கதிர், ஆலைக்கதிர் மூன்றும் நீண்டு ஒரு திசை நோக்கி நிற்பவை. அந்த ஒற்றுமையே சொல் பெயர்ந்து வந்த வழி. அவ்வழியைச் சொல்லிவிட்டு, 'இனி வேற்றுமையைப் பாருங்கள்' என்று தொடங்கினால் இயற்பியல் பாடம் தானாக நடக்கும்.

ஆலை தரும் பாடங்கள் இத்துடன் நில்லா. நூலின் மென்மையை ஆலையில் நம்பரால் சொல்வர். 840 கஜம் நீளமுள்ளது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குமோ அதுவே நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் நூல் ஒரு பவுண்டு என்றால் 33,600 கஜம். அதாவது 30 கிலோமீட்டருக்கும் மேல். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தடியில் ஒரு முனையைக் கட்டிப் புறப்பட்டால் இராஜபாளையம் வந்து, திரும்பி ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று, மீண்டும் இராஜபாளையத்துக்குப் பெரும்பாலான வழி வந்த பிறகே நூல் தீரும். நம்பர் ஏற ஏற நூல் மெலிதாகும் என்பது ஆலைத் தொழிலாளர் வீட்டில் எவரும் சொல்லித் தராமல் தெரிவது. அதுவே கணிதத்தில் எதிர் விகிதம். காற்றில் ஈரம் குறைந்தால் இழை அறுகிறது என்பதும் அவர்கள் அறிந்ததே. அதுவே இயற்பியலில் ஒப்பு ஈரப்பதம். பருத்தி விளைந்த மண்ணில், பஞ்சு நூலான ஊரில், இவற்றை விட்டுவிட்டு எங்கோ எழுதப்பட்ட எடுத்துக்காட்டுகளைப் பருத்திக் குண்டிகை போல் துளித்துளியாக எடுத்துத் தருவது பவணந்தியாரையே நாணச் செய்யும்.

கோபுரமும் பாசுரமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் ஏறக்குறைய 192 அடி உயரம் உடையது. தமிழக அரசின் இலச்சினையில் உள்ள கோபுரம் இதுவே எனப் பெருவழக்காகச் சொல்லப்படுகிறது. நிழலைக் கொண்டு உயரம் காணும் கணக்கு ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பாடநூல்களில் வருவது. பாடநூலில் கொடிமரத்தின் நிழல் எளிது. கோபுரத்தின் நிழல் எளிதன்று. அகன்ற அடித்தளமும் சரிந்து ஏறும் பக்கங்களும் உடைய கோபுரத்தின் உச்சிக் கலசத்துக்கு நேர்க்கீழுள்ள புள்ளி கட்டடத்தின் உள்ளே இருக்கிறது. அங்கிருந்து நிழலை அளக்க முடியாது. இங்கேதான் பயிற்சி பெற்ற ஆசிரியருக்கும் விடைநூல் வைத்திருப்பவருக்கும் வேறுபாடு புலப்படும். சமதரையில் ஒரு கோலை நட்டு அதன் நிழல் நுனியைக் குறிக்க வேண்டும். அதே வேளையில் கலசத்தின் நிழல் நுனியையும் குறிக்க வேண்டும். அரைமணி கழித்து இரண்டையும் மீண்டும் குறிக்க வேண்டும். கோல் நிழலின் நுனி நகர்ந்த தொலைவுக்கும் கலச நிழலின் நுனி நகர்ந்த தொலைவுக்கும் உள்ள விகிதமே இரண்டின் உயரங்களுக்கும் உள்ள விகிதம். அடித்தளத்தைத் தொடவே வேண்டுவதில்லை. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. இருப்புப் பதிவேட்டில் எழுதவேண்டியதும் இல்லை.

ஆண்டாளின் பாசுரங்களை அறிவியல் வகுப்புக்குக் கொண்டுவருவதில் எச்சரிக்கை வேண்டும். மேகம் கடலுள் புகுந்து நீரை முகந்துகொண்டு முழங்கி ஏறுவதாக வரும் திருப்பாவைப் பாசுரத்தை மேடைகளில் எடுத்துக்காட்டி, 'நீர்ச் சுழற்சியை நம் ஆண்டாள் அன்றே அறிந்திருந்தாள்' என்று முழங்குவோர் உண்டு. அது பாசுரத்துக்கும் பெருமை செய்வதன்று. அறிவியலுக்கும் பெருமை செய்வதன்று. அப்பாசுரத்தை வைத்து வகுப்பில் கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு: மேகம் கடல்நீரை அப்படியே முகந்தால் மழை ஏன் உப்புக் கரிப்பதில்லை? பாசுரத்தில் இல்லாதது கதிரவனின் வெப்பமும் ஆவியும். இல்லாததைக் காணுமாறு பிள்ளைகளைத் தூண்டுபவரே அறிவியல் ஆசிரியர். பாசுரத்தின் அழகு அதனால் ஒரு சிறிதும் குறைவதில்லை.

மற்றொரு பாசுரத்தின் வழி வேறு. வெள்ளி எழுந்ததையும் வியாழன் மறைந்ததையும் கூறும் குறிப்பைக் கொண்டு ஆண்டாளின் காலத்தைக் கி.பி. 731 எனக் கணித்தார் மு. இராகவையங்கார். தமிழ்ப் புலவர் ஒருவர் வானியலைத் துணைக்கொண்ட அரிய நிகழ்ச்சி இது. முடிவை ஏற்போரும் மறுப்போரும் உளர். வகுப்பறைக்கு வேண்டியது முடிவன்று, முறை. வெள்ளி எப்போதும் ஞாயிற்றுக்கு அருகிலேயே காணப்படும். வியாழனோ ஞாயிற்றைச் சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டு எடுத்துக்கொள்கிறது. அவ்வாறாயின் மார்கழி விடியலில் கிழக்கே வெள்ளியும் மேற்கே மறையும் வியாழனும் ஒருசேரத் தோன்றுவது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை நிகழும்? பலமுறை நிகழ்ந்திருக்கும் என்றால் ஓர் ஆண்டை மட்டும் தேர்ந்தெடுக்க வேறு என்ன சான்று வேண்டும்? இவ்வினாக்களைத் தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்தே எழுப்ப முடியும். அவ்விருவரும் சேர்ந்தமர்ந்து பயிற்சி பெற்ற நாள் ஒன்றேனும் உண்டா என்பதுதான் ஐயம்.

இணைப்பு நிகழவே இல்லை என்பதற்கில்லை. நிகழ்ந்தது, ஆனால் பயிற்சிக் கல்லூரிக்கு வெளியே. பெருங்குளத்தில் 1891-இல் பிறந்த பெ.நா. அப்புசுவாமி வழக்கறிஞர், தமிழில் அறிவியல் எழுதுவதற்கென்றே வாழ்ந்தவர். 'திண்ணை ரசாயனம்' எழுதிய இராஜாஜி அரசியலாளர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன் கவிஞர். கணிதம் பயின்று பள்ளி ஆசிரியராக இருந்தவர். கவிஞராகவும் கணித ஆசிரியராகவும் இருந்த ஒருவரே அப்பெரும்பணிக்கு வாய்த்தது தற்செயல் என்று தள்ளுதற்கில்லை.

சங்கிலிப் பயிற்சி

1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது. பள்ளி ஆய்வகங்களின் தேவை பெருகியது. 1980-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தோன்றியது. 1987 முதல் 'துளிர்' சிறுவர் இதழ் வெளிவரத் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆசிரியர்களைத் தெருவுக்கு அழைத்துவந்தது. பகலில் பள்ளியில் பாடம் நடத்தியவர் இரவில் பாட்டும் நாடகமும் கற்றார். 1993-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பிள்ளைகளின் ஆய்வுகளை வழிநடத்தினார். ஆணையால் வந்ததன்று இப்பயிற்சி, ஆர்வத்தால் வந்தது. தம் ஊர்க் குளத்தைப் பற்றி மாணவர் எழுதிய ஆய்வறிக்கையைத் திருத்தும்போதுதான் அறிவியல் தமிழ் எழுதுவது எத்துணைக் கடினம் என்பதை ஆசிரியர் பலர் உணர்ந்தனர்.

அரசின் வழியோ வேறு. 1990-இல் ஆசிரியர் கல்வி ஆராய்ச்சி பயிற்சி இயக்ககம் உருவாயிற்று. 2000-க்குப் பின் அனைவருக்கும் கல்வி இயக்கமும் 2009-இல் இடைநிலைக் கல்விக்கான தேசிய இயக்கமும் வந்தன. பணியிடைப் பயிற்சி என்பது ஆண்டுதோறும் வரும் திருவிழாவாயிற்று. மாநிலக் கருத்தாளர் மாவட்டக் கருத்தாளருக்கும், அவர் வட்டாரக் கருத்தாளருக்கும், அவர் ஆசிரியருக்கும் பயிற்சி அளிக்கும் இச்சங்கிலி முறையில், சென்னையில் ஐந்து நாள் நடந்தது வட்டார வள மையத்தை அடையும்போது இரண்டு நாளாகச் சுருங்கும். வருகைப் பதிவேட்டில் கையொப்பம், தேநீர், வடை, பயணப்படி ஆகியன குறைவின்றி நடைபெறும். சோதனை செய்து பார்க்க நேரம் இராது, படக்காட்சியில் காட்டப்படும். இட்டது இட்ட முறையில் வெளிவராத கழற்பெய்குடத்துக்கு இதனினும் பொருந்திய விளக்கம் நன்னூல் உரைகளில் இல்லை.

2015 முதல் கல்வியியல் பட்டப்படிப்பு இரண்டாண்டாக நீண்டது. 2018-இல் வெளிவரத் தொடங்கிய புதிய பாடநூல்கள் பல வகையில் பாராட்டுக்குரியவை. பக்கத்தின் ஓரத்தில் அச்சிட்ட கட்டச் சதுரத்தை 'விரைவுத் துலங்கல் குறியீடு' என அழகிய தமிழில் பெயரிட்டழைத்தன. ஆனால் ஆசிரியரும் மாணவரும் அதைக் 'கியூஆர் கோடு' என்றே சொல்கின்றனர். 1938-இன் கதையே 80 ஆண்டுக்குப் பின்னும் தொடர்கிறது: சொல் வந்தது, சொல்லை வழங்கும் பழக்கம் வரவில்லை.

இப்போது அறிவியலும் தொழில்நுட்பமும் பொறியியலும் கணிதமும் ஒன்றாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்பது உலகின் கோரிக்கை. நான்கின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்து 'ஸ்டெம்' என வழங்குகின்றனர். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1990-களில் இவ்வெழுத்துகளை வேறு வரிசையில் 'ஸ்மெட்' என்று வைத்திருந்தது. ஒலி நன்றாக இல்லை என்று 2001-இல் மாற்றியது. கலைச்சொல்லில் ஓசைநயம் பார்ப்பது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று போலும். தமிழகத்தில் 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட 'வானவில் மன்றம்' இதன் ஒரு வடிவம். 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குக் கருத்தாளர்கள் பொருள்களைச் சுமந்துகொண்டு பள்ளி பள்ளியாகச் சென்று சோதனை செய்து காட்டுகின்றனர். பெயர் வைத்தவருக்குக் கவிதை தெரிந்திருக்கிறது. கருத்தாளர் போன பிறகு, அடுத்த வாரம், அதே சோதனையை வகுப்பாசிரியர் தாமே செய்கிறாரா என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

இதற்கிடையே 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. பாடநூல் ஆங்கிலம், பிள்ளையின் பேச்சு தமிழ், தேர்வு ஆங்கிலம், விளக்கம் தமிழ். தமிழ்வழியில் பயின்று பட்டம் பெற்ற ஆசிரியர் ஆங்கிலப் பாடநூலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். 1938-இன் ஆசிரியருக்கு நேர்ந்ததன் தலைகீழ் இது. அன்று ஆங்கிலம் அறிந்தவருக்குத் தமிழில் கற்பிக்கப் பயிற்சி இல்லை. இன்று தமிழில் கற்றவருக்கு இரு மொழியிலும் கற்பிக்கப் பயிற்சி இல்லை. இரு மொழிக்கும் இடையே நின்று பேசுவது ஒரு தனித் திறன். மொழிபெயர்ப்பாளருக்கு அது தெரியும். கவிதையை மொழிபெயர்த்துத் தோற்றவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆசிரியப் பயிற்சிக் குழுக்களில் அவர்களை அழைத்த வரலாறு இல்லை.

இவ்விரு ஊர்களுக்கு வானமே தரும் ஒரு பாடம் எஞ்சியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய ஒன்பதரைப் பாகையில் உள்ளன. ஆண்டுக்கு இருமுறை நண்பகலில் கதிரவன் இவ்வூர்களின் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும்; நட்ட கோலுக்கு அப்போது நிழல் இராது. அறிவியல் இயக்கத்தார் 'நிழலில்லா நாள்' எனப் பெயரிட்ட அந்நாள், சித்திரை பிறக்கும் ஏப்ரல் 14-ஐ ஒட்டி ஒருமுறை வருகிறது. அன்று பள்ளிகளுக்கு விடுமுறை. மறுமுறை ஆகஸ்ட் 28-ஐ ஒட்டி வருகிறது. அப்போது பள்ளி உண்டு. மேற்கு மலையிலிருந்து மேகம் வந்து மூடாதிருந்தால், நண்பகல் மணி 12-ஐத் தாண்டி இருபது நிமிடம் அளவில் ஆசிரியர் பிள்ளைகளை வெளியே அழைத்துவர வேண்டும். அது மதிய உணவு நேரத்தை ஒட்டி அமைவதால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.